லக்ராஸ் அடுத்து எந்த ஊருக்குப் போகும்?

ஆடியோவில் கேட்டவர்களுக்குத் தெரியும், இந்த எபிசோடில் நடுவில் ரெண்டு தடவை குக்கர் விசில் சத்தம் வரும். எழுத்து வடிவத்தில் அந்தத் தொல்லை இல்லை. நிம்மதியா படிங்க.

2023 அக்டோபர் 16. மும்பையில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி கூடி, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஐந்து விளையாட்டுகளைச் சேர்க்க ஒப்புதல் கொடுத்தது. நாம எல்லாரும் கிரிக்கெட் வந்துடுச்சுன்னு கொண்டாடினோம். அதே லிஸ்டில் லக்ராஸ் என்று ஒரு பேரும் இருந்தது. எங்க வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தன், "அது என்னடா, சாஸ் பேரா?"ன்னு கேட்டான். நான் மட்டும் ரொம்ப நேரம் டைப் பண்ணிட்டு இருந்தேன்.

ஏன்னா அந்த வருஷ ஆரம்பத்தில் ஆபீஸ் வேலையாக மூணு மாசம் டல்லாஸ் பக்கம் இருந்தேன். ஒரு சனிக்கிழமை ராத்திரி வேறு வேலை இல்லாததால், கூட வேலை பார்க்கிற ஒருத்தர் என்னை ஃபோர்ட் வொர்த்தில் இருக்கிற டிக்கீஸ் அரீனாவுக்குக் கூட்டிட்டுப் போனார். பேந்தர் சிட்டி என்கிற டீமோட மேட்ச். கையில் ஒரு குச்சி, குச்சி நுனியில் வலைப்பை, அதில் கெட்டியான ரப்பர் பந்து. அதை எறிந்து, பிடித்து, ஓடி, கோல் போடணும். நடுவில் ஆட்கள் வெளியே ஓடுறாங்க, வேறு ஆட்கள் உள்ளே வர்றாங்க, யாரும் விசில் அடிக்கல. எனக்கு ஒண்ணுமே புரியல. முன் வரிசையில் ஒரு பத்து வயசுப் பையன், அவனும் ஒரு குச்சியோட வந்திருந்தான். என் முழியைப் பார்த்துட்டுத் திரும்பி உட்கார்ந்து எனக்கு ஒரு கிளாஸே எடுத்துட்டான்.

2024 சீசன் முடிந்ததும் அந்த டீமை மூடிவிட்டார்கள். அது தோத்துப்போன டீம் இல்லை. 2021-22 சீசனில்தான் வந்தது, கடைசி ரெண்டு சீசனும் பிளேஆஃபுக்குப் போனது. மூடினதும் அதன் வீரர்களை மற்ற டீம்கள் ஒரு டிராஃப்டில் பிரித்து எடுத்துக்கொண்டன. அவங்களுக்கு வேற டீம் கிடைச்சது. அந்தப் பையனுக்கு யாரும் எதுவும் கொடுக்கல.

அதனால இன்னைக்கு எபிசோட் இதுதான்: ஒரு சின்ன விளையாட்டு, பெரிய கண்டம், புது டீமை எந்த ஊரில் வைப்பது? ஒலிம்பிக் வேறு வருது. 2028-க்குப் பக்கத்தில் நிறைய பேர் பணத்தோட வந்து "எங்க ஊருக்கு ஒரு டீம்"னு கேட்கப் போறாங்க. தப்பான ஊரைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்னு ஃபோர்ட் வொர்த்தில் பார்த்தாச்சு.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். லக்ராஸ்னா ரெண்டு விளையாட்டு. ஃபீல்டு லக்ராஸ் வெளியில், புல்தரையில், பக்கத்துக்குப் பத்துப் பேர். பாக்ஸ் லக்ராஸ் உள்ளரங்கில், ஐஸ் ஹாக்கி ஆடுகிற அதே இடத்தில், பனிக்கட்டி மேல் செயற்கைப் புல்லை விரித்து, கோலியோடு சேர்த்து ஆறு பேர். ஃபீல்டுக்குப் பிரீமியர் லக்ராஸ் லீக், சுருக்கமாக பிஎல்எல், கோடையில் நடக்கும். பாக்ஸுக்கு நேஷனல் லக்ராஸ் லீக், என்எல்எல், குளிர்காலத்தில். நிறைய வீரர்கள் ரெண்டிலும் ஆடுறாங்க. ஒலிம்பிக்கில் வரப்போறது சிக்ஸஸ் என்கிற மூணாவது வடிவம். அதை இப்போதைக்கு ஓரமா வைப்போம்.

பாக்ஸ் லக்ராஸ் எப்படிப் பிறந்ததுன்னு தெரிஞ்சா பாதி விஷயம் புரிஞ்சிடும். 1930-களின் தொடக்கத்தில் கனடாவின் ஹாக்கி அரங்க முதலாளிகளுக்கு ஒரு தலைவலி. குளிர்காலத்தில் அரங்கம் நிறையும், கோடையில் காலியாகக் கிடக்கும். சும்மா கிடக்கிற கூரைக்குக் கீழே என்ன நடத்தலாம்னு யோசிச்சு, வெளியில் ஆடிக்கொண்டிருந்த லக்ராஸை உள்ளே கொண்டு வந்து சுருக்கினார்கள். லக்ராஸ் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே ஹொடினஷோனி போன்ற பூர்வகுடி மக்களின் ஆட்டம், அவர்களுக்கு அது வழிபாடும்கூட. ஆனால் 'பாக்ஸ்' என்கிற வடிவம் வந்ததே காலி நாற்காலியை நிரப்பத்தான்.

இத்தனை வருஷம் கழிச்சும் கேள்வி மாறவே இல்லை. என்எல்எல் மேட்ச் பெரும்பாலும் வெள்ளி, சனி ராத்திரிதான். அந்த ராத்திரிகளில் யாரோட அரங்கம் காலியா இருக்கு, அதோட சாவி யார் கையில் இருக்கு? ஒரு புது டீம் நிக்குமா விழுமான்னு சொல்ல, நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

"அதெல்லாம் சரி, லக்ராஸ் ஆடுறவங்க நிறைய இருக்கிற ஊரில் வைக்கலாமே?"ன்னு நீங்க கேட்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். அமெரிக்காவில் லக்ராஸ் கொடிகட்டிப் பறக்கிற இடம்னா மேரிலாண்டில் பால்டிமோர், நியூயார்க்கில் லாங் ஐலண்ட். பள்ளிக்கூடப் பிள்ளைகள் குச்சியோடவே வளர்ற ஊர்கள். இப்ப சரித்திரத்தைப் பாருங்க. இந்த லீக் 1987-ல் வேறு பெயரில், நாலே டீம்களோடு ஆரம்பித்தபோது, முதல் சாம்பியன் பால்டிமோர் தண்டர். 1999-க்குப் பிறகு அந்த டீம் பால்டிமோரில் இல்லை. லாங் ஐலண்டில் 1989-லிருந்து 2003 வரை ஒரு டீம் இருந்து போனது. 2019-ல் நியூயார்க் ரிப்டைட் என்று இன்னொன்று வந்தது. 2024-ல் அதுவும் மூட்டை கட்டி, கனடாவின் ஒட்டாவாவுக்குப் போய் பிளாக் பேர்ஸ் ஆனது. ஆடுறவங்க அதிகமா இருக்கிற ஊரிலேயே ரெண்டு தடவை நிக்கல.

ஏன்? என்னோட யூகம் இது. அந்த ஊர்க்காரங்க வளர்த்தது ஃபீல்டு லக்ராஸ். பாக்ஸ் அவங்களுக்குச் சித்தப்பா பையன் மாதிரி, தெரியும், ஆனா கல்யாணத்துல மட்டும்தான் பார்ப்பாங்க. இன்னொண்ணு, பிள்ளை ஆடுற வீட்டில் வாரக்கடைசி முழுக்கப் பிள்ளையோட பயிற்சி, பிள்ளையோட போட்டி. சனிக்கிழமை ராத்திரி டிக்கெட் வாங்கி இன்னொருத்தர் ஆடுறதைப் பார்க்க அவங்களுக்குத் தெம்பு இருக்குமா?

இதுக்கு நேர் எதிரா ஒரு ஊர் இருக்கு. சாஸ்கடூன். கனடாவின் நடுவில், கோதுமை வயல்களுக்கு மத்தியில், ஏறக்குறைய மூணு லட்சம் பேர் இருக்கிற ஊர். 2015-ல் எட்மன்டன் ரஷ் என்கிற டீம் கோப்பையை ஜெயித்தது. ஜெயித்த கையோடு எட்மன்டனை விட்டுக் கிளம்பி சாஸ்கடூனுக்குப் போனது. எல்லாரும் சிரிச்சிருப்பாங்க. ஆனால் அங்கே மேட்ச்சுக்குச் சராசரியாகப் பத்தாயிரத்துக்கும் மேல் கூட்டம், முதல் சீசனான 2016-லேயே மறுபடி கோப்பை. 2018-லும் ஜெயித்தது. பெரிய லக்ராஸ் பரம்பரை எதுவும் இல்லாத ஊரில் இது எப்படி? அங்கே பதினைந்தாயிரம் பேர் உட்காரக்கூடிய அரங்கம் இருக்கிறது, என்ஹெச்எல் ஹாக்கி டீம் கிடையாது. பெரிய லீக் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுதான், அது இந்த டீம். நீளமான குளிர்காலம், வெளியே மைனஸ் இருபது டிகிரி, உள்ளே பாட்டு, சத்தம், கோல். நானா இருந்தாலும் போயிருப்பேன்.

அப்போ சின்ன ஊர்தான் சரியா? அதுவும் இல்லை. பஃபலோவைப் பாருங்க. பஃபலோ பேண்டிட்ஸ் 2023, 2024, 2025 என்று வரிசையாக மூணு கோப்பை. லீக்கிலேயே பெரிய கூட்டம் அவங்களுக்குத்தான். அந்த ஊரில் என்ஹெச்எல் டீமும் இருக்கிறது, சேபர்ஸ். ஆனால் ரெண்டுக்கும் முதலாளி ஒரே குடும்பம், ரெண்டும் ஆடுவது ஒரே அரங்கத்தில். எந்த ராத்திரி யாருக்கு என்று அவங்களே முடிவு பண்ணிக்கலாம். டிக்கெட் விற்கிற ஆட்கள், பாப்கார்ன் கடை, விளம்பரதாரர் எல்லாம் ஏற்கனவே தயார். ஹொடினஷோனி மக்களின் நிலம் சுற்றிலும் இருப்பது வேறு பெரிய பலம்.

கால்கரி, கொலராடோ, வான்கூவர் எல்லாமே இதே கதை. ஹாக்கி டீம் வைத்திருப்பவர்களிடமே லக்ராஸ் டீமும் இருக்கிறது. இதில் பிலடெல்பியாதான் எனக்குப் பிடித்த உதாரணம். அங்கே இருந்த விங்ஸ் 1987-லிருந்து ஆடிய டீம், லீக்கின் முதல் நாலில் ஒண்ணு. 2014-ல் அது கிளம்பி கனெக்டிகட் போய் நியூ இங்கிலாந்து பிளாக் வுல்வ்ஸ் ஆனது. நாலு வருஷம் கழித்து, 2018-19 சீசனில், அதே ஊரில் அதே அரங்கத்தில் அதே விங்ஸ் என்கிற பெயரில் புது டீம் வந்தது. இந்தத் தடவை முதலாளி யார்? ஃபிளையர்ஸ் ஹாக்கி டீமை நடத்துகிற காம்காஸ்ட் ஸ்பெக்டகோர். ஊர் மாறல, ரசிகர்கள் மாறல, சாவி வச்சிருந்த ஆள்தான் மாறினார்.

இந்த சாவிக் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம்னா, என்எல்எல் பணக்கார லீக் இல்லை. ஒரு சீசனுக்குப் பதினெட்டு மேட்ச், அதில் சொந்த ஊரில் ஒன்பது. வருஷத்தில் ஒன்பதே ராத்திரியில் சம்பாதிச்சாகணும். அரங்கத்துக்கு வாடகை கட்டி, உணவுக்கடை வருமானத்தில் பங்கு கொடுத்து, பார்க்கிங் பணம் வேறு ஒருத்தருக்குப் போனால் என்ன மிஞ்சும்? வீரர்களும் பலர் வேறு வேலை பார்க்கிறவங்க. பள்ளிக்கூட வாத்தியார், தீயணைப்பு வீரர். வெள்ளிக்கிழமை வேலையை முடிச்சுட்டு ஃபிளைட் பிடிச்சு, ஆடிட்டு, திங்கள்கிழமை வேலைக்குத் திரும்பணும். நம்ம ஆன்-கால் வேலையே பரவாயில்லைன்னு தோணுது. பெரும்பாலோர் வீடு கனடாவின் ஒன்டாரியோவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும். டொரண்டோ பக்கம் வீடு இருக்கிறவருக்கு பஃபலோ ரெண்டு மணி நேரக் கார் பயணம். அதே ஆள் ஃபோர்ட் வொர்த்துக்கோ லாஸ் வேகஸுக்கோ ஆடினா ஒவ்வொரு வாரமும் விமானம்.

அதனால்தான் சமீப வருஷங்களில் ஒரு விஷயம் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. 2023-24 சீசனில் லீக்கில் பதினைந்து டீம்: அமெரிக்காவில் பத்து, கனடாவில் ஐந்து. அப்புறம் ஃபோர்ட் வொர்த் மூடியது. லாங் ஐலண்ட் டீம் ஒட்டாவா போனது. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் இருந்த ஃபயர்வுல்வ்ஸ், டொரண்டோவுக்குக் கிழக்கே இருக்கிற ஒஷாவாவுக்குப் போனது. இந்த ஆல்பனி டீம் யார்னு நினைக்கிறீங்க? பிலடெல்பியாவிலிருந்து கனெக்டிகட் போச்சே, அதேதான். பாவம், நாலாவது வீடு. 2025-26 சீசன் ஆரம்பிக்கும்போது பதினாலு டீம், ஏழுக்கு ஏழு. லீக் வளர்றதைவிட வீட்டுக்குத் திரும்பிட்டு இருக்குன்னு சொல்லலாம்.

சரி, என்னோட லிஸ்ட். இது என் கருத்து மட்டும், லீக் எனக்கு போன் பண்ணிச் சொல்லல.

முதல் இடம் எட்மன்டன். ஆமா, டீமை இழந்த அதே ஊர். போனது ரசிகர்கள் இல்லாததால் மட்டும் இல்லை. டீம் ஒருத்தர் கையில், அரங்கம் வேறொருத்தர் கையில். 2016-ல் அங்கே ரோஜர்ஸ் பிளேஸ் என்கிற புது அரங்கம் திறந்தாச்சு, ஆயிலர்ஸ் ஹாக்கி டீம் அங்கேதான் ஆடுகிறது. முன்னூறு கிலோமீட்டரில் கால்கரி. இந்த ரெண்டு ஊருக்கும் எதில் வேண்டுமானாலும் சண்டை போட ஆசை. ஆயிலர்ஸ் முதலாளி மனசு வச்சா மறுநாளே டீம் வைக்கலாம். அவர் மனசு வைக்காமல், வெளியிலிருந்து வேறொருத்தர் டீம் வாங்கி வாடகைக்குப் போனால், பழைய கதைதான்.

ரெண்டாவது, சால்ட் லேக் சிட்டி. 2024-ல் அங்கே என்ஹெச்எல் வந்துவிட்டது, கூடைப்பந்து டீமும் ஹாக்கி டீமும் ஒரே முதலாளியிடம். யூட்டா பல்கலைக்கழகம் 2019-லிருந்து முதல் டிவிஷனில் லக்ராஸ் ஆடுகிறது. பக்கத்து மாநிலத்தில் கொலராடோ மாமத் டீம் இருக்கிறது. ஒரே சிக்கல் என்னன்னா, யூட்டா ஹாக்கி டீமும் மாமத் என்று பெயர் வைத்துவிட்டது. ரெண்டு மாநிலம், ரெண்டு விளையாட்டு, ஒரே யானை. யூட்டாவில் லக்ராஸ் டீம் வந்தால் அதற்கு வேறு மிருகம் தேடணும்.

மூணாவது கொஞ்சம் தைரியமான யோசனை, கியூபெக் சிட்டி. 2015-ல் பதினெட்டாயிரம் பேருக்கு ஒரு அரங்கம் கட்டினார்கள், என்ஹெச்எல் வரும் என்கிற நம்பிக்கையில். வரல. ஜூனியர் ஹாக்கி டீம் ஆடுகிறது, கச்சேரி நடக்கிறது, ஆனால் சாஸ்கடூன் போலவே கூரை பெரிசு, பெரிய லீக் எதுவும் இல்லை. எதிர்வாதமும் இருக்கு. அதே மாகாணத்தின் மான்ட்ரியாலில் 2002-ல் ஒரு டீம் வைத்து ஒரே சீசனில் போய்விட்டது. அதனால முதலில் நாலஞ்சு மேட்ச் அங்கே நடத்திப் பார்க்கணும். டெஸ்ட் பண்ணாம யாராவது நேரா புரொடக்‌ஷனுக்குத் தள்ளுவாங்களா? தள்ளுவாங்க, தெரியும், நானே பண்ணிருக்கேன். ஆனா கூடாது.

மினசோட்டாவை விட்டுட்டேன்னு சிலர் கோபப்படுவீங்க. 2015 வரை அங்கே ஸ்வார்ம் இருந்தது, பிறகு ஜார்ஜியா போனது. ஹாக்கி வெறி பிடித்த மாநிலம், திரும்பக் கொடுக்கலாம். அங்கேயும் கேள்வி அதேதான், முதலாளி யார்?

இப்ப பிஎல்எல். இவங்க ரூட்டே வேற. பால் ரேபில் என்கிற நட்சத்திர வீரரும் அவர் அண்ணன் மைக்கும் 2018-ல் அறிவித்து, 2019-ல் ஆறு டீம்களோடு ஆரம்பித்தார்கள். டீமுக்குப் பெயர் இருந்தது, ஊர் இல்லை. ஆர்ச்சர்ஸ், அட்லஸ், விப்ஸ்நேக்ஸ், அவ்வளவுதான். வாரக்கடைசியில் எல்லா டீமும் ஒரே ஊரில் இறங்கும், ஆடும், அடுத்த வாரம் அடுத்த ஊர். ப்ரோ கபடி பார்க்கிறவங்களுக்கு இது புதுசு இல்லை. வாரத்துக்கு ஒரே மைதானம், ஒரே டிவி செட்டப். சாவிப் பிரச்சினையை அவங்க தீர்க்கல, தாண்டிப் போயிட்டாங்க. சொந்த வீடே வேண்டாம், லாட்ஜ் போதும். 2001-லிருந்து ஆடிய பழைய ஃபீல்டு லீக்கான எம்எல்எல் 2020 கடைசியில் இவர்களோடு இணைந்தது.

ஆனால் ஊர் இல்லாத டீமுக்கு யார் கை தட்டுவா? 2023 நவம்பரில் எட்டு டீமுக்கும் ஊர் கொடுத்தார்கள்: பாஸ்டன், கலிபோர்னியா, கரோலினா, டென்வர், மேரிலாண்ட், நியூயார்க், பிலடெல்பியா, யூட்டா. அப்பவும் சுற்றுப்பயணத்தை விடல. ஒவ்வொரு ஊரிலும் ஒரு வாரக்கடைசி, அதில் உள்ளூர் டீம் ரெண்டு மேட்ச் ஆடும். இதில் எனக்குப் பிடிச்ச விஷயம், இத்தனை வருஷம் ஊர் ஊராகச் சுற்றினதால் எங்கே டிக்கெட் போகுது, எங்கே போகலன்னு அவங்ககிட்ட கணக்கு இருக்கு. மினசோட்டா, சிகாகோ பக்கமெல்லாம் டீம் இல்லாமலேயே போய் ஆடியிருக்காங்க. ஒன்பதாவது, பத்தாவது டீம் வந்தால் அப்படிப் போய் வந்த ஊராகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒற்றைப்படையில் டீம் வைத்தால் அட்டவணை போடுவது நரகம், அதனால ஜோடியாகத்தான் வரும்.

அதைவிடச் சீக்கிரம் நடக்கக்கூடியது பெண்கள் லீக். பிஎல்எல் 2025 பிப்ரவரியில் தொடங்கிய பெண்கள் லீக்கில் நாலு டீம்: பாஸ்டன், கலிபோர்னியா, மேரிலாண்ட், நியூயார்க். ஆண்கள் ஊர் லிஸ்டோட ஒப்பிட்டுப் பாருங்க. மிச்சம் இருக்கிற நாலு பேர் தானா தெரியும். அந்த ஊர்களில் மைதானம் இருக்கு, ஊழியர்கள் இருக்காங்க, ஆண்கள் வர்ற அதே வாரம் இவங்களும் ஆடலாம். டென்வர், பிலடெல்பியா ரெண்டும் முதலில் வரும்னு என் கணிப்பு.

கடைசியா, டெக்சாஸ். அங்கே செத்தது பேந்தர் சிட்டி மட்டும் இல்லை. 2018-ல் எம்எல்எல்-லின் ராட்லர்ஸ் டீம் ராசெஸ்டரிலிருந்து டல்லாஸ் பக்கம் வந்தது, 2020 சீசனுக்கு முன்பே மூடிவிட்டார்கள். ஒரே வட்டாரத்தில் நாலைந்து வருஷ இடைவெளியில் ரெண்டு டீம். இனி யாராவது அங்கே மூணாவது டீம் கொண்டு வந்தால், ஊர்க்காரங்க சீசன் டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் நிறைய யோசிப்பாங்க, யோசிக்கணும். ஒலிம்பிக் ஜுரத்தில் டெக்சாஸை மறுபடி தொடுவாங்கன்னுதான் நினைக்கிறேன். அப்படித் தொட்டால், டிக்கீஸ் அரீனாவை நடத்துகிறவங்களோ டல்லாஸ் ஹாக்கி டீம் முதலாளியோ உள்ளே இருக்காங்களான்னு முதல்ல பாருங்க. இல்லைன்னா, என்னைக் கேட்டா, ஒன்பது மேட்ச்சுக்கும் மொத்தமா பணம் கட்டாதீங்க, ஒவ்வொண்ணா வாங்குங்க.

அந்தப் பையனுக்கு இப்ப பதிமூணு வயசு தாண்டியிருக்கும். நான் அன்னைக்கு வாங்கின பேந்தர் சிட்டி டி-ஷர்ட் இன்னும் இருக்கு. போன வாரம் ஆபீசுக்குப் போட்டுட்டுப் போனேன். லிஃப்ட்டில் ஒருத்தர் உத்துப் பார்த்துட்டு, "எந்த பேண்டுங்க இது, சென்னைக்கு வர்றாங்களா?"ன்னு கேட்டார்.